அளவுக்கு மீறிக் கறுத்த வளையம்

வளையம் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தது. அதைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அன்று எனக்கு வந்தது திருப்தி.

தண்ணீர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, நான் சரியாகச் செய்த வேலைகளைத்தான் முதலில் நினைத்துப் பார்த்தேன். அவையெல்லாம் பதிவேடுகளில் இருக்கின்றன, வேண்டுமானால் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதப் போவது பதிவேட்டில் இரண்டே வரியாக இருக்கும் ஒரு நாளைப் பற்றி. மீதி வரிகள் இங்கே.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கோடை ஏறத் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலிருந்து டாக்டர் ஒருவர் போனில் பேசினார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ரெண்டு மாசக் குழந்தை. உதடு, நகம் எல்லாம் நீலம். ஆக்சிஜன் வச்சும் மாறலை. ரத்தம் எடுத்தா சாக்லேட் கலர்ல வருது. மருந்து ஆரம்பிச்சிட்டேன், பிழைச்சிரும். ஆனா அந்தத் தெருவுல வேற குழந்தைங்க இருக்கும்ல? தண்ணியில நைட்ரேட் இருக்கா இல்லையான்னு இன்னைக்கே தெரியணும் மேடம்.”

நைட்ரேட் கலந்த தண்ணீரைப் பெரியவர்கள் வருடக்கணக்கில் குடித்தாலும் உடனே ஒன்றும் தெரியாது. அதே தண்ணீரில் பால்பவுடரைக் கலந்து பச்சைக்குழந்தைக்குக் கொடுத்தால், குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத பொருள் என்பதால்தான் நம்மிடம் வருகிறார்கள்.

நைட்ரேட்டை அளக்கும் நம் மெஷின் அன்று வேலை செய்யவில்லை. அதன் உள்விளக்கு போய்விட்டது, புதிய விளக்கு வர இரண்டு நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். எனவே கல்லூரியில் எல்லோரும் செய்து பார்த்த பழுப்பு வளையச் சோதனைதான் கையில் இருந்தது. எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. கெடுதல் செய்யும் அளவுக்கு இருந்தால், இருக்கிறது என்று சொல்லிவிடும்.

டாக்டர் காலையிலேயே தகவல் சொல்லியிருந்ததால், பத்து மணிக்கே சுகாதார ஆய்வாளர் முருகேசன் தண்ணீர் மாதிரியோடு பைக்கில் வந்து சேர்ந்தார். திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, கண்மாயைத் தாண்டிப் போனால் வரும் ஒரு சின்னத் தெருவில்தான் அந்தக் குழந்தையின் வீடு. அவர் அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சுறுசுறுப்பான ஆள். பாட்டிலைச் சுற்றி மாதிரிப் படிவத்தை மடித்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

“மேடம், கிணத்துத் தண்ணி. தெருவே இதைத்தான் குடிக்குது. பிள்ளையோட அப்பாகிட்டயே கேட்டுட்டேன்.”

“வேற தண்ணி ஏதும் உண்டா?”

“போர் குழாய் ஒண்ணு இருக்கு. அது சப்புன்னு இருக்கும்னு யாரும் குடிக்கிறதில்ல. பாத்திரம் கழுவ, துணி துவைக்க. கிணத்துக்காரம்மா ஏழெட்டு மாடு வச்சிருக்கு மேடம். கிணத்துக்கு இந்தப் பக்கம் கொட்டம், அந்தப் பக்கம் சாணிக் குழி. பார்த்தாலே தெரியுது.”

பார்த்தாலே தெரியுது என்ற சொல்லை நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்காமல், ரப்பர் பேண்டைக் கழற்றிக் கைமணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, படிவத்தைப் படித்தேன். மாட்டுக் கொட்டம், சாணிக் குழி, கிணறு, நீலக் குழந்தை. சோதனைக் குழாயைக் கையில் எடுப்பதற்கு முன்பே என் மனதில் முடிவு பாதி எழுதப்பட்டுவிட்டது.

தண்ணீரில் ஃபெரஸ் சல்பேட் கரைசலைச் சேர்த்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக இறக்கினேன். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். பதற்றமான நேரங்களில் சொட்டுகளை அந்த மொழியில்தான் எண்ணுவேன். அன்று எண்ணியது நினைவிருக்கிறது. ஆறாவது சொட்டு இறங்கும்போதே தண்ணீரும் அமிலமும் சந்திக்கும் இடத்தில் வளையம் வந்துவிட்டது. பழுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. டிகிரி காப்பி டிகாக்‌ஷன் போல அடர்த்தியாக, விரல் பருமனுக்கு.

“ஆத்தாடி,” என்றார் முருகேசன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். “இருக்கு டாக்டர். நல்லாவே இருக்கு.” முருகேசன் அங்கிருந்தபடியே தெருவில் யாரையோ கூப்பிட்டு, கிணற்றை மூடச் சொன்னார். மணி பத்து நாற்பது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். மூடி இறுகியிருந்தது. திருகும்போது மணிக்கட்டில் இருந்த ரப்பர் பேண்டு மூடியில் மாட்டி இழுத்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். சிவப்பு.

நம் ஆய்வகப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஈயம், இரும்பு போன்ற உலோகங்களைப் பார்க்க மாதிரி எடுக்கும் பாட்டில்களில், உலோகம் சுவரில் ஒட்டிவிடாமல் இருக்க, முன்கூட்டியே சிறிது நைட்ரிக் அமிலம் ஊற்றி அனுப்புவோம். அடையாளத்துக்குக் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்டு. வேறு எதற்கும் சிவப்பைப் பயன்படுத்துவதில்லை. அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவளே நான்தான்.

நைட்ரிக் அமிலத்தில் இருப்பது நைட்ரேட். ஒரு பாட்டில் நிறையச் சுத்தமான மழைத் தண்ணீரைப் பிடித்திருந்தாலும் அந்த வளையம் வந்திருக்கும்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, மீதமிருந்த தண்ணீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்தேன். ரத்தச் சிவப்பாக மாறியது. நம் பக்கத்துக் கிணற்று நீர் எதுவும் அப்படி மாற்றாது. நம் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாகக் காரத்தன்மையோடு இருக்கும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தலைமைப் பகுப்பாய்வாளர் இருந்தார். லிட்மஸ் பார்க்காமல் யாராவது சோதனைக் குழாயை எடுத்தால், “நாடி பார்க்காம ஊசி போடுறீங்களா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அரை நிமிட வேலை. டாக்டர் அவசரப்பட்டார், வளையம் பளிச்சென்று வந்தது, நான் விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு, மெஷின் இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காதே என்று தோன்றும். நடந்திருக்கும். அந்தத் தண்ணீரை மெஷினில் கொடுத்திருந்தால் அதே பதிலைத் தசமப் புள்ளி இரண்டு இடத்துக்குச் சொல்லியிருக்கும். பாட்டிலுக்குள் ஏற்கெனவே என்ன இருந்தது என்று மெஷின் கேட்பதில்லை.

முருகேசனுக்குப் போன் செய்தேன். சிம்மக்கல்லில் பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டிருந்தார், அந்தக் கிணற்றுக்காகத்தான். ரப்பர் பேண்டைப் பற்றிக் கேட்டேன்.

“ஆமா மேடம், பாட்டில் கழுத்துலதான் கெடந்துச்சு. ஃபாரத்தைச் சுத்தத் தோதா இருந்துச்சு. ஏன்?”

“உள்ள கொஞ்சம் தண்ணி மாதிரி இருந்திருக்குமே?”

“இருந்துச்சு. உங்க லேப்ல டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். அதான் அலசல. போன மாசம் வேற ஊருக்குக் குடுத்தீங்கல்ல, அதுல மிஞ்சுன பாட்டில், பைக் பெட்டியில கெடந்தது.”

அவருக்குச் சிவப்பு பேண்டின் பொருளை நாங்கள் யாரும் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் நமக்கு மட்டும் தெரிந்த அடையாளம், வெளியே போனால் வெறும் ரப்பர் பேண்டுதான்.

எங்கள் அதிகாரியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார்.

“எழுத்துல ஏதும் போயிருக்கா?”

“இல்ல சார். போன்லதான் சொன்னேன்.”

“அப்புறம் என்ன? புதன்கிழமை மெஷின் ரெடியாயிரும். வேற சாம்பிள் எடுத்து, முறையா ரிப்போர்ட் குடுத்துருவோம். அதுவரைக்கும் கிணறு மூடியே இருக்கட்டும். சேஃப் சைடுதானே? ரெண்டு நாள் கிணத்தை மூடுறதால யாருக்கு என்ன ஆயிரப் போகுது?”

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். கேட்க நியாயமாகவே இருக்கும். இல்லாததை இருக்கிறது என்று சொல்வது, இருப்பதை இல்லை என்று சொல்வதைவிடப் பாதுகாப்பான தவறு என்று நானும் அதுவரை நம்பியிருந்தேன். அவர் மேசைமுன் நின்றபோதுதான் வேறொன்று உறைத்தது. கிணற்றை மூடினால் ஒரு தெரு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவதில்லை. வேறு தண்ணீருக்குப் போகிறது. நான் மூடியது ஒரு கிணற்றை. செய்தது, ஒரு தெருவையே நான் சோதித்துப் பார்க்காத தண்ணீருக்கு அனுப்பியது. குழந்தை நீலமானது உண்மை. நைட்ரேட் எங்கோ இருக்கிறது. கிணற்றில் இல்லையென்றால்?

வெளியே வந்து முருகேசனை மறுபடி கூப்பிட்டேன்.

“இப்ப அவங்க எதைப் பிடிக்கிறாங்க?”

“போர் குழாய்தான் மேடம். மல்லித் தோட்டத்து ஓரமா இருக்குல்ல.”

மல்லித் தோட்டம். அந்தப் பக்கத்தில் மல்லிகைக்கு எவ்வளவு உரம் போடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருடக்கணக்காகப் போட்ட யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறி, பாசனத் தண்ணீரோடு கீழே இறங்கி, ஆழமில்லாத போரில் போய்ச் சேரும்.

“அந்தத் தெருவுல வேற கைக்குழந்தை உண்டா?”

“ஒண்ணு இருக்கு. கவிதான்னு ஒரு பொண்ணு. மூணு மாசப் பிள்ளை. தாய்ப்பால் பத்தலைன்னு பவுடர்தான்.”

“போன் போட்டு, பிள்ளைக்குப் போர் தண்ணி குடுக்க வேணாம்னு சொல்லுங்க. கேன் தண்ணி வாங்கச் சொல்லுங்க.”

இரண்டு நிமிடத்தில் திரும்ப அழைத்தார். “எடுக்க மாட்டேங்குது மேடம். ஆனா ஒண்ணு, காலையில கிணறு வேணாம்னோம். இப்பப் போரும் வேணாம்னா காறித் துப்புவாக.”

“துப்பட்டும். நானும் வரேன், நீங்களும் வாங்க.”

அதிகாரியிடம் போய், நேரில் போகிறேன் என்றேன். “அப்படின்னா லீவு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஆபீஸ் அனுப்பினதா இருக்க வேணாம்,” என்றார். அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். டிஸ்டில்டு வாட்டர், புதிதாகக் கரைத்த ஃபெரஸ் சல்பேட், கந்தக அமிலம், குழாய்கள், தாங்கி, லிட்மஸ் புத்தகம். எல்லாவற்றையும் மணல் போட்ட வாளியில் நிறுத்தி, ஆட்டோ பிடித்தேன்.

“என்னக்கா வாளியில?” என்று கேட்டார் ஓட்டுநர்.

“ஆசிட்.”

வண்டி உடனே மெதுவானது. “குன்றம் தாண்டுறதுக்குள்ள பதினாலு ஸ்பீட் பிரேக்கர் கெடக்கு. ஏறும்போதே சொல்ல வேணாமாக்கா?” வழியெல்லாம் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லிக்கொண்டே ஏற்றி இறக்கினார்.

நான் போன் செய்தபோது ‘நைட்ரேட் இருக்கு’ என்றுதான் சொன்னேன். இரண்டு மணிக்கு நான் தெருவில் இறங்கியபோது அது ‘விஷம்’ ஆகியிருந்தது. தெரு வாட்ஸ்அப் குழுவில் கிணற்றின் படத்தைப் போட்டு அப்படித்தான் எழுதியிருந்தார்கள். கிணற்றின் மேல் தகரம் போட்டு, தகரத்தின் மேல் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் துவைக்கிற கல்லில், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிணற்றுக்காரர் பாண்டியம்மாள். மாட்டை விற்றுவிட்டுக் குழியை மூடு, இல்லாவிட்டால் நாங்கள் மூடுவோம் என்று அதற்குள் நான்கு பேர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“நீங்கதேன் அந்த டெஸ்ட்டு மேடமா?” என்றார். “வாங்க, வாங்க. காலையில ஒரு பாட்டிலைப் பாத்துட்டு எங்குடும்பத்தையே கொலகாரக் குடும்பமாக்கிட்டீக. இப்ப வாளியோட வந்திருக்கீக. இன்னும் என்ன மிச்சமிருக்கு?”

முருகேசன் அப்போதுதான் வந்து சேர்ந்தார். என் பக்கத்தில் குனிந்து, “மொதல்ல டெஸ்ட்டைப் பண்ணிருவோம் மேடம். வர்றதைப் பாத்துட்டுப் பேசிக்கலாம்,” என்றார்.

அப்படிச் செய்யவில்லை. நான் அன்று எடுத்த முடிவுகளில் இது ஒன்றைத்தான் உங்களுக்குத் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். தவறைச் சோதனைக்கு முன்னால் சொன்னால் அது ஒப்புக்கொள்வது. சோதனை முடிந்த பிறகு சொன்னால், முடிவுக்குத் தகுந்தபடி விளக்கம் சொல்வதாகிவிடும்.

“அம்மா, காலையில நான் சொன்னது தப்பு. எங்க பாட்டில்லயே ஆசிட் இருந்துச்சு. அதைப் பார்க்காம சோதிச்சிட்டேன். உங்க கிணத்துல இருக்கா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்.”

கூட்டம் சேர்ந்திருந்தது.

“ஒரு சொட்டு ஆசிட்டுக்கா இம்புட்டு ஏச்சு வாங்குனேன்?” என்றார் பாண்டியம்மாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டுக்கங்கய்யா. அப்பறம் இன்னொண்ணும் கேளுங்க. ஆசுபத்திரியில கெடக்கே, அந்தப் பிள்ளைக்கு அவுக ஆத்தா என்னைக்கி எங்கிணத்துத் தண்ணியக் குடுத்தா? கிணத்துல எலையுந் தூசியுங் கெடக்குன்னு போர் தண்ணியில்ல பிடிச்சுக் காய்ச்சிக் குடுத்தா!”

முருகேசன் என்னைப் பார்த்தார். “பிள்ளையோட அப்பாகிட்டக் கேட்டேனே மேடம். கிணறுன்னுதானே சொன்னாரு.”

“நீங்க என்னன்னு கேட்டீங்க?”

“என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு.”

அந்த அப்பா, தான் குடிப்பதைச் சொல்லியிருக்கிறார். குழந்தைக்கு எந்தத் தண்ணீர் என்று முருகேசன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆளையும் கேட்கவில்லை. அம்மா மருத்துவமனையில் இருந்தார்.

கவிதா வீட்டுக்குப் போனோம். தெருக் கடைசி. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். போனை சார்ஜில் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை தூளியில். அடுப்படியில் ஃபிளாஸ்க், கழுவிக் கவிழ்த்த பால்பாட்டில். எல்லாம் அவ்வளவு சுத்தம்.

முருகேசன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கவிதா கதவு நிலையில் சாய்ந்தபடி கேட்டார்.

“காலையில கிணறு விஷம்னீக. சரின்னு போர்ல பிடிச்சாந்தேன். இப்பக் கிணறு தப்பில்லாம இருக்கலாம், போர்தேன் சந்தேகங்கிறீக. நாளைக்கி வந்து என்ன சொல்வீக?”

என்னை நம்புங்கள் என்று சொல்லும் உரிமையைப் பத்து நாற்பதுக்கே இழந்திருந்தேன்.

“நீயே வந்து பாரும்மா,” என்றேன்.

“நான் பாத்தா எனக்கென்ன தெரியும்? எதுல வரணுமோ அதுல வர்ற மாதிரி நீங்க எதையாச்சும் ஊத்திக் காட்டுனா?”

முருகேசனுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. அன்று என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் அதுதான் அறிவார்ந்த கேள்வி. நான் சோதனைக் குழாய்களை அவர் கையில் கொடுத்தேன். மொத்தம் நான்கு. ஒரு டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலையும் கொடுத்தேன்.

“இது ஒண்ணுமில்லாத தண்ணி. கிணத்துல ஒண்ணு, போர்ல ஒண்ணு, இதுல ஒண்ணு. நாலாவதுல நீ எதை வேணா ஊத்து. எது எதுன்னு எனக்குச் சொல்லாதே. உன் இஷ்டத்துக்கு வரிசை வை. நான் பாத்துச் சொல்றேன்.”

கல்லூரிச் செய்முறைத் தேர்வில் தெரியாத உப்பைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அதேதான். அப்போது தோற்றால் மதிப்பெண் போகும். இங்கே தோற்றால் அந்தப் பெண் ஃபிளாஸ்க்கைத் திறந்து அடுத்த பாலைக் கலப்பார்.

தகரத்தை நகர்த்திக் கிணற்றில் இறைத்தார்கள். கவிதா குழாயடிக்குப் போனார், வீட்டுக்குள் போனார், வந்தார். சேலைத் தலைப்பால் மறைத்தபடி நான்கு குழாய்களையும் தாங்கியில் வைத்தார். தாங்கியைத் துவைக்கிற கல்லில் வைத்து, கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னேன். முதலில் லிட்மஸ். எதுவும் சிவக்கவில்லை. பிறகு ஃபெரஸ் சல்பேட். பிறகு அமிலம், ஒவ்வொன்றாக, சுவரோரமாக. எண்ணிக்கொண்டே இறக்கினேன்.

முதல் குழாய். ஒன்றுமில்லை.

இரண்டாவது. அமிலம் அடியில் போய்ப் படிந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று மெதுவாகத் தெளிந்தது. காலையில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான வளையம் இப்படித்தான் வரும், தயங்கித் தயங்கி.

மூன்றாவது. ஒன்றுமில்லை.

நான்காவதில் வளையம் வந்தது. இரண்டாவதில் இருந்ததைவிடத் தடிமனாக, தூரத்தில் நின்றவர்களுக்கும் தெரியும்படி.

“ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் இருக்கு,” என்றேன். “நாலாவதுல கூட இருக்கு. பிள்ளைக்கு அந்த ரெண்டும் ஆகாது.”

“சொல்லுத்தா,” என்றார் பாண்டியம்மாள். “எது எது?”

கவிதா குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “மொதக் குழாய் இவுக கொண்டாந்த தண்ணி,” என்றார். “மூணாவது கிணறு.”

மற்ற இரண்டையும் சொல்லவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். ஃபிளாஸ்க்கோடு வெளியே வந்து, மூடியைத் திருகி, தண்ணீர் முழுவதையும் வாசலில் கவிழ்த்தார். ஆவி எழுந்தது.

“பாதியாச் சுண்டுற வரைக்கும் காய்ச்சுனேன் மேடம். ரெண்டு தடவ.”

“தெரியும்மா.”

காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், அது அடியில் தங்கும். எவ்வளவுக்கெவ்வளவு அக்கறையாகக் காய்ச்சுகிறார்களோ அவ்வளவுக்கவ்வளவு கூடும். நான்காவது குழாயில் இருந்தது அந்த ஃபிளாஸ்க் தண்ணீர். மருத்துவமனையில் இருந்த குழந்தையின் அம்மாவும் அதே அக்கறையோடுதான் காய்ச்சியிருக்கிறார்.

“மத்தியானம் ஒரு பாட்டில் குடுத்துட்டேனே. ஏதும் ஆயிருமா?”

அது என் சோதனைக் குழாய் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. டாக்டருக்குப் போன் செய்தேன். காலையில் சொன்னது தவறு என்பதை முதலில் சொல்லிவிட்டு, மீதியைச் சொன்னேன். “நல்லவேளை சொன்னீங்க. குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது போர் தண்ணி குடுங்கன்னுதான் எழுதிக் குடுக்க இருந்தேன்,” என்றார். கவிதாவின் குழந்தையைக் கூட்டிவரச் சொன்னார். பதினாலு ஸ்பீட் பிரேக்கர் ஓட்டுநர் காத்திருந்தார். ஆசிட் வாளியை என்னிடமே விட்டுவிட்டு, தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார். உதடு சிவப்பாகவே இருந்தது, கூட்டி வந்தது நல்லது என்று டாக்டர் மாலையில் சொன்னார். முதல் குழந்தை அந்த வாரமே வீடு திரும்பியது.

பாண்டியம்மாள் முள்ளைத் தானே எடுத்துப் போட்டார். யாரையும் உதவ விடவில்லை. தண்ணீர் இறைக்கக் குடத்தோடு வந்து நின்றவர்களில், மாட்டை விற்கச் சொன்ன வீட்டுப் பெண்ணும் இருந்தார். அவரைப் பார்த்து, “ஏண்டி, விஷம்னு போட்டீகள்ல? அதே போன்ல இதையும் போட்டுட்டு வந்து மோந்துக்க,” என்றார். அந்தப் பெண் அங்கேயே நின்று தட்டச்சு செய்தார். பாண்டியம்மாள் எட்டிப் பார்த்து, முருகேசனைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் வழிவிட்டார். என் பக்கம் திரும்பி, “ஒங்களுக்கும் ஒரு செம்பு தரட்டா? தைரியம் இருக்கா?” என்றார். வாங்கிக் குடித்தேன். நல்ல தண்ணீர்.

புதன்கிழமை விளக்கு வந்து மெஷின் ஓடத் தொடங்கியது. புதிய மாதிரிகள் இரண்டையும் பார்த்து எழுத்தில் அறிக்கை போனது. போர் குழாயின் மேல் பலகை வைத்தார்கள். பதிவேட்டில் நான் எழுதிய இரண்டு வரி: ‘திங்கள் காலை 10.40 மணிக்குத் தொலைபேசியில் தெரிவித்த முடிவு தவறு. காரணம்: பாட்டிலில் இருந்த அமிலம், லிட்மஸ் பார்க்கவில்லை.’ அதிகாரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னுடைய அரை நாள் விடுப்பும் அனுமதிக்கப்பட்டது.

அதன்பின் அமிலம் ஊற்றிய பாட்டில்களில் சிவப்பு பேண்டோடு, ‘உள்ளே அமிலம்’ என்று தமிழில் அச்சடித்த சீட்டும் ஒட்டுகிறோம். நீங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். வெளியே போகிற அடையாளம் எதுவானாலும், நம் ஆய்வகத்தில் கால் வைக்காத ஒருவருக்கு அது புரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவிதா உங்கள் கவுண்டருக்கு வருவார். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. தெருவுக்காகக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்க அவர்தான் வருகிறார். நீங்கள் காலி பாட்டிலைக் கொடுத்ததும், உடனே வாங்கிக்கொள்ள மாட்டார். மூடியைத் திறப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியைப் பார்ப்பார். பிறகு, “இதுக்குள்ள ஏற்கனவே ஏதும் இருக்கா?” என்று கேட்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். இல்லை என்று வாயால் சொல்லவும் வேண்டாம். அவர் எதிரிலேயே பாட்டிலை அலசி, அந்தத் தண்ணீரில் லிட்மஸ் தாளை நனைத்து, அவர் கையில் கொடுங்கள். பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார்.